பக்கவாத்திய பிளகின் பாட்டோடு ஒட்டவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மெட்டு கையில் இருக்கிறது, கார்டுகளும் எழுதியாயிற்று. டிரம்ஸ், பேஸ், கிட்டார், பியானோ வாசிக்கத்தான் ஆள் இல்லை. அந்த இடத்தில் வந்து உட்காருபவை பேண்ட்-இன்-எ-பாக்ஸ், ஈசிகீஸ், ஈசிபேஸ், ஈசிடிரம்மர், ஸ்கேலர் போன்ற பிளகின்கள், அதாவது பதிவு மென்பொருளுக்குள் சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்கள். நல்ல பக்கவாத்தியக்காரர் பாடகரின் முகத்தைப் பார்த்தே தாளத்தை இழுத்துப் பிடிப்பார், எங்கே அடக்கி வாசிக்க வேண்டும் என்று அறிந்துகொள்வார். பிளகினுக்கு முகம் தெரியாது. கார்டு ஷீட்டும் (எந்த இடத்தில் எந்த கார்டு என்ற பட்டியல்) டெம்போவும் (வேகம்) ஸ்டைலும் (வாசிப்புப் பாணி) மட்டும்தான் தெரியும். அதனால் 'பிளகின் சொதப்புகிறது' என்று தோன்றும் இடங்களில் பாதிக்கு மேல் இந்த மூன்றில் ஒன்றில்தான் பிழை இருக்கும். அதை மிக்ஸிங்கில் போய் ஈக்யூ திருகிச் சரிசெய்ய முடியாது.

எதையும் தொடும் முன் ஒரு சோதனை. புதிய காலி ப்ராஜெக்ட் திறந்து, 4/4, டெம்போ 100, எட்டு பார் (4/4-ல் நான்கு அடி ஒரு பார்), எல்லா பாரிலும் சி மேஜர் ஒன்றே, ஒரே ஒரு ஸ்டைல், கிளிக் (மெட்ரோனோம் தட்டு) ஆன். இங்கே ஒழுங்காக வாசித்தால் நிறுவியதில் கோளாறு இல்லை, உங்கள் ப்ராஜெக்டில்தான் தேட வேண்டும். இங்கேயும் தகராறு என்றால் பாட்டை விட்டுவிட்டு செட்டிங்ஸைப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை இது, பல மணி நேரத் தேடலை மிச்சப்படுத்தும்.

பிளகின் திறக்கிறது, சத்தம் வரவில்லை

உங்கள் பிளகின் எந்த ஜாதி என்று முதலில் பாருங்கள். சில பிளகின்கள் தாமே ஒலி எழுப்பும். சில வெறும் மிடி நோட்டுகளை (எந்த சுரம், எப்போது என்ற குறிப்பு, ஒலி அல்ல) மட்டும் வெளியே தள்ளும், அதை வாங்கி ஒலியாக்க இன்னொரு இன்ஸ்ட்ருமென்ட் வேண்டும். ஸ்கேலரில் உள்ளேயே ஒலி உண்டு. ஆனால் உங்கள் பியானோவில் கேட்க வேண்டுமென்றால் மிடியை அங்கே கொண்டுபோய் விட வேண்டும். அந்த வழி ஒவ்வொரு டிஏடபிள்யூவிலும் (பாட்டைப் பதிவுசெய்து கோக்கும் மென்பொருள்) வேறு.

ரீப்பரில் ஒரே டிராக்கின் எஃப்எக்ஸ் வரிசையில் கார்டு பிளகின் மேலே, பியானோ அதற்குக் கீழே இருந்தால் போதும். வரிசை மாறினால் மௌனம்தான். ஏபிள்டன் லைவில் இரண்டாவது மிடி டிராக் ஒன்று வேண்டும். அதில் 'மிடி ஃப்ரம்' என்ற இடத்தில் முதல் டிராக்கையும், அடுத்த பெட்டியில் பிளகினின் பெயரையும் தேர்ந்து, மானிட்டரை 'இன்' என்று வையுங்கள். எஃப்எல் ஸ்டூடியோவில் அனுப்பும் பிளகினின் மிடி அவுட்புட் போர்ட் எண்ணும் வாங்கும் பிளகினின் இன்புட் போர்ட் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். லாஜிக்கில் மிடி மட்டும் தருபவை மிடி எஃப்எக்ஸ் ஸ்லாட்டில் உட்கார வேண்டும்.

பட்டியலிலேயே பிளகின் தெரியவில்லை என்றால் கோப்பு இருக்கும் இடத்தைப் பாருங்கள். விண்டோஸில் விஎஸ்டி3 பிளகின்களுக்கு சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதனுள் காமன் ஃபைல்ஸ், அதனுள் விஎஸ்டி3 என்ற ஃபோல்டர்தான் வீடு. அங்கே இருக்கிறதென்று உறுதிசெய்து ரீஸ்கேன் கொடுங்கள்.

ஸ்டைல்கள் வெளி ஹார்டு டிஸ்கில் இருந்து, நேற்றுவரை வாசித்தது இன்று மௌனமாகிவிட்டால் டிரைவ் எழுத்தைப் பாருங்கள். வேறு யுஎஸ்பி துளையில் செருகியதும் ஈ டிரைவ் எஃப் டிரைவாக மாறியிருக்கலாம். விண்டோஸ் டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பழைய எழுத்தையே திரும்பக் கொடுத்தால் சரியாகிவிடும்.

வாசிப்பு டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் மெலிந்து கேட்கிறது

ஒரே வாசிப்பு இரண்டு முறை ஒலிக்கிறது. பிளகினிலிருந்து கிட்டாரை ஆடியோவாக இழுத்து டிராக்கில் போட்டிருப்பீர்கள், பிளகினுக்குள் அதே கிட்டார் இன்னும் திறந்தே இருக்கும். சில மில்லி செகண்ட் வித்தியாசத்தில் இரண்டும் மோதும்போது சில அலைவரிசைகள் அடிபட்டுப் போகும், ஒலி குழாய்க்குள் போனதுபோல் ஆகும். பிளகினில் அந்த வாத்தியத்தை மியூட் செய்யுங்கள். எல்லாவற்றையும் இழுத்து முடித்துவிட்டால் பிளகின் டிராக்கையே ஆஃப்லைன் ஆக்கிவிடலாம், கணினிக்கும் சுமை குறையும்.

கியூபேஸில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கார்டு பிளகினின் மிடி அவுட் 'ஆல் மிடி இன்புட்ஸ்' கூட்டத்தில் சேர்ந்துகொண்டால், மானிட்டர் போட்ட ஒவ்வொரு டிராக்கும் அதை வாங்கி வாசிக்கும். டிராக்கின் இன்புட்டில் தேவையான ஒன்றை மட்டும் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள்.

இழுத்துப் போட்ட டிராக் கிளிக்கை விட்டு விலகி நிற்கிறது

எவ்வளவு விலகல், எப்படி விலகல் என்று அளந்தால் காரணம் தானே தெரியும்.

முழுசாக இரண்டு பார் தள்ளி நிற்கிறதா? அது கவுண்ட்-இன். பேண்ட்-இன்-எ-பாக்ஸில் பாட்டுக்கு முன் இரண்டு பார் லீட்-இன் வழக்கம். 96 டெம்போவில் இரண்டு பார் என்பது எட்டு அடி, மிகச் சரியாக 5 செகண்ட். லீட்-இன்னை அணைத்துவிட்டு மறுபடி உருவாக்கலாம். அதைவிட நல்ல வழி, பாட்டையே டிஏடபிள்யூவில் மூன்றாவது பாரில் தொடங்குவது. நம் பாட்டுகளில் பல, சமத்துக்கு (தாளத்தின் முதல் அடிக்கு) முன்பே எடுப்பவை. முதல் பார் தொடங்கும் முன் 'ஏ...' என்று அரை அடி முந்தி வரும் குரலுக்கு இடம் வேண்டும். மூன்றாம் பாரிலிருந்து தொடங்கினால் அந்த எடுப்புக்கு இடமும் கிடைக்கும், எல்லா டிராக்கும் ப்ராஜெக்டின் பூஜ்யத்திலிருந்தே வரிசையாக நிற்கும்.

எடுப்பு முந்தி வரும் பாட்டுக்கு ஷீட் எழுதும்போது, முதல் சொல் விழும் இடத்தில் முதல் கார்டை எழுதிவிடும் தவறும் அடிக்கடி நடக்கிறது. கார்டு சமத்தில்தான் உட்கார வேண்டும். அடி ஒன்றுக்குக் கையைத் தட்டிக்கொண்டே பாடிப் பாருங்கள், தட்டு விழும் சொல்லுக்கு மேல் கார்டை எழுதுங்கள்.

தொடக்கம் சரி, போகப்போக விலகுகிறதா? டெம்போ எண்ணில் தசமம் விட்டுப்போயிருக்கும். ப்ராஜெக்ட் 92.5, பிளகின் 92 என்றால் ஒரு நிமிடத்திலேயே அரை அடி பிந்திவிடும். 'ஹோஸ்ட் டெம்போவைப் பின்பற்று' என்ற வகை பட்டனை ஆன் செய்து மறுபடி உருவாக்குங்கள்.

சுருதியும் சேர்ந்து ஏறியிருக்கிறதா? அது சாம்பிள் ரேட் (ஒலியைச் செகண்டுக்கு எத்தனை முறை அளக்கிறது என்ற எண்). பேண்ட்-இன்-எ-பாக்ஸின் ரியல்டிராக்ஸ் (கலைஞர்கள் வாசித்துப் பதிவானவை) 44.1 கிலோஹெர்ட்ஸில் இருப்பவை. அதை மாற்றாமல் 48 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட ஒன்றரை செமிடோன் ஏறும், மூன்று நிமிடப் பாட்டு இரண்டே முக்கால் நிமிடத்தில் முடிந்துவிடும். தலைகீழாக நடந்தால் அதே அளவு இறங்கி, 3 நிமிடம் 16 செகண்டாக நீளும். இந்த 'ஒன்றரை' ஒரு கைரேகை மாதிரி. ஒரு செமிடோனும் இல்லை, இரண்டும் இல்லை என்று நடுவில் தொங்கினால் வேறெங்கும் தேட வேண்டாம். டிஏடபிள்யூ பொதுவாக இதைத் தானே மாற்றிக்கொள்ளும். ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒரு ரேட்டிலும் ப்ராஜெக்ட் இன்னொன்றிலும் இருக்கும்போதுதான் குழப்பம். ப்ராஜெக்ட் செட்டிங்ஸ், இன்டர்ஃபேஸின் கன்ட்ரோல் பேனல் இரண்டிலும் ஒரே எண்ணை வையுங்கள்.

ஏபிள்டன் லைவில் இழுத்துப் போட்டதும் தாளம் நெளிந்தால் வார்ப் காரணம். நீளமான கோப்புகளுக்கு லைவ் தானே டெம்போ ஊகித்து இழுத்துப் பார்க்கும். கிளிப்பில் வார்ப்பை அணையுங்கள், செட்டிங்ஸில் (பழைய பதிப்புகளில் பிரிஃபரன்ஸஸ்) நீளக் கோப்புகளுக்கான ஆட்டோ-வார்ப்பையும் அணைத்துவிடுங்கள்.

இழுத்துப் போடவே முடியவில்லை

விண்டோஸில் டிஏடபிள்யூவை 'அட்மினிஸ்ட்ரேட்டராக இயக்கு' என்று திறந்திருந்தால், சாதாரணமாகத் திறந்த தனி மென்பொருளிலிருந்தோ ஃபைல் எக்ஸ்ப்ளோரரிலிருந்தோ எதையும் அதற்குள் இழுத்துப் போட விண்டோஸ் விடாது. இரண்டையும் சாதாரணமாகத் திறங்கள். இன்னொரு காரணம், பிளகின் வாசிப்பை உருவாக்கியிருக்கும், ஆனால் ஆடியோவாக ரெண்டர் செய்து முடித்திருக்காது. சில செகண்ட் பொறுத்து மறுபடி இழுங்கள்.

6/8 பாட்டு ஒன்றரை மடங்கு வேகமாக ஓடுகிறது

நம் ஊர் மெட்டுகளில் திஸ்ர நடை ஏராளம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஒரு தாலாட்டு மெட்டு. பாடிக்கொண்டே காலைத் தட்டிப் பாருங்கள். 15 செகண்டில் 15 தட்டு விழுகிறது, ஆகவே நிமிடத்துக்கு 60. ஒவ்வொரு தட்டுக்குள்ளும் 'தகிட' என்று மூன்று உட்பிரிவு. டிஏடபிள்யூவில் 6/8 என்று வைத்து இந்தப் பாட்டைக் கிளிக்கோடு பொருத்தினால் டெம்போ 90 என்று வரும். காரணம், பெரும்பாலான டிஏடபிள்யூக்கள் டெம்போவைக் கால் நோட்டில் எண்ணுகின்றன. கால் நோட்டில் இரண்டு உட்பிரிவுதான் அடங்கும், உங்கள் காலோ மூன்று உட்பிரிவுக்கு ஒரு முறை தட்டுகிறது.

இப்போது பக்கவாத்திய பிளகினைத் திறக்கிறீர்கள். திஸ்ர நடை ஸ்டைல்கள் அதில் பெரும்பாலும் '12/8 ஃபீல்' என்ற பெயரில் இருக்கும். உள்ளே அவை 4/4 தான், ஒவ்வொரு அடியும் டிரிப்ளெட்டாகப் பிரிந்திருக்கும். அதற்கு ஒரு அடி என்பது உங்கள் கால்தட்டு ஒன்று. ஆகவே அதற்கு 60 கொடுக்க வேண்டும். டிஏடபிள்யூ அனுப்பும் 90-ஐ வாங்கிக்கொண்டு ஓடினால் ஒன்றரை மடங்கு வேகம். தாலாட்டு கும்மியாகிவிடும்.

சரிசெய்ய எளிய வழி: டிஏடபிள்யூவையும் 4/4, டெம்போ 60 என்று மாற்றி, கிரிட்டை எட்டாம் நோட்டு டிரிப்ளெட்டில் வையுங்கள். உங்கள் இரண்டு 6/8 பார், பிளகினின் ஒரு பார். கார்டு ஷீட்டை அதன்படி திருத்துங்கள். முன்பு பாருக்கு ஒரு கார்டு என்று எழுதியது இப்போது பாருக்கு இரண்டு, முதல் அடியிலும் மூன்றாம் அடியிலும்.

ப்ராஜெக்டை 90-லேயே விட்டுவிட்டு, தனியாக 60-ல் உருவாக்கியதை இழுத்துப் போட்டால் ஒரு விசித்திரம் நடக்கும். ஆடியோவாக இழுத்தது சரியாக உட்காரும், மிடியாக இழுத்தது ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடும். ஆடியோவுக்குச் செகண்ட் கணக்கு, மிடிக்குக் கால் நோட்டுக் கணக்கு. டிரம்ஸ் ஆடியோவாகவும் பேஸ் மிடியாகவும் இருந்தால் ஒன்று சரி, ஒன்று தப்பு என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும். அப்படிப்பட்ட ப்ராஜெக்டில் மிடியின் நீளத்தை 1.5 ஆல் பெருக்கி நீட்டினால் பொருந்திவிடும்.

மிஸ்ர சாப்பு இன்னும் நுணுக்கம். 7/8 என்று தேடிக் கிடைக்கும் டிரம் லூப்களில் பல 2+2+3 என்று விழுபவை. மிஸ்ர சாப்பு 3+2+2, தகிட தகதிமி. எண்ணிக்கை ஏழு சரியாக இருந்தும் பாட்டு நொண்டுவது இதனால்தான். லூப்பின் ஐந்தாவது எட்டாம் நோட்டிலிருந்து வெட்டித் தொடங்கினால் 3+2+2 கிடைத்துவிடும். ஆனால் லூப்பின் பெரிய கிக் இப்போது தகதிமியின் முதல் 'த'வில் விழும். மிடியாக இருந்தால் அந்த கிக்கை அடக்கி, சமத்தில் ஒரு கிக் புதிதாக வையுங்கள். மிடியாக இல்லையென்றால் அந்த லூப்பை விட்டுவிட்டு மிருதங்கமோ கஞ்சிராவோ வாசிக்கும் ஒருவரை ஒரு மணி நேரம் அழைப்பது மேல்.

எல்லாம் நேரத்தில் இருக்கிறது, ஆனாலும் குரலும் வாசிப்பும் ஒட்டவில்லை

ஃபீல் மாறியிருக்கிறது. ஒன்று நேர் எட்டு, மற்றொன்று ஸ்விங். நேர் எட்டில் அடிக்கு இரண்டு சம பாகம். ஸ்விங்கில் முதல் பாகம் நீளம், இரண்டாவது குட்டை. பாடகர் நேராகப் பாட, கிட்டார் ஸ்விங்கில் தட்டினால் அடியில் இருவரும் சந்திப்பார்கள், அரையடியில் ஒவ்வொரு முறையும் உரசுவார்கள். பேண்ட்-இன்-எ-பாக்ஸில் ரியல்டிராக்ஸின் பெயரிலேயே இது எழுதியிருக்கும். 'ஈவி' என்றால் நேர், 'எஸ்டபிள்யூ' என்றால் ஸ்விங், பக்கத்தில் உள்ள எண் அதைப் பதிவுசெய்த டெம்போ. டிரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாவற்றிலும் இந்த எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். தனித்தனியாக வாத்தியங்களை மாற்றும்போதுதான் ஒன்று மட்டும் வேறு ஜாதியில் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

கிட்டார் தட்டு நசநசவென்று குழைகிறது என்றால் அந்த எண்ணைப் பாருங்கள். 85-ல் பதிவான வாசிப்பை 120-க்கு இழுத்தால் 1.4 மடங்கு. தந்தியில் பிக் படும் கூர்மை முதலில் போகும், பிறகு சிம்பல் தண்ணீரில் ஒலிப்பதுபோல் ஆகும். பதிவான டெம்போவிலிருந்து 10, 15 சதவீதத்துக்குள் நிற்பது நல்லது. 140 பாட்டுக்கு 140-க்கு அருகில் எதுவும் கிடைக்காவிட்டால் 70-க்கு அருகில் பதிவான ஒன்றைப் பாதி வேகத்தில் போடலாம். ஸ்ட்ரம்மிங்குக்கும் பேடுக்கும் (நீண்டு நிற்கும் பின்னணி ஒலி) அது பெரும்பாலும் பொருந்தும், டிரம்ஸுக்கு எல்லா நேரமும் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

ராகத்தில் இல்லாத சுரம் நடுவில் வந்து குத்துகிறது

பிளகினுக்கு கார்டு தெரியும், ராகம் தெரியாது. மேற்கத்திய ஸ்டைல்கள் கார்டுக்கு நடுவே வழிச் சுரங்களைத் தாராளமாகச் சேர்க்கும், 7, 9 என்று அலங்கரிக்கும். ராகத்தை விட்டு வெளியே போய் ஹார்மனி செய்வது பெரிய கலை, அதை வேண்டுமென்றே செய்யும்போது அழகு. கேட்காமலே பிளகின் செய்தால் அது பிழை.

மோகனத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கட்டையில் (சட்ஜம் சி) அது சி, டி, ஈ, ஜி, ஏ. ஷீட்டில் சி மேஜரிலிருந்து ஏ மைனர் போகிறீர்கள். இரண்டு கார்டும் முழுக்க மோகனத்துக்குள் இருப்பவைதான். ஆனால் நடக்கும் பேஸ் ஒன்றைப் போட்டிருந்தால் சி-யிலிருந்து ஏ-க்கு இறங்கும் வழியில் பி-யை மிதிக்கும். அந்த நிஷாதம் ஒரு அரையடிதான் கேட்கும், ஆனால் பாடுபவர் நிமிர்ந்து பார்ப்பார். மூன்று மருந்து உண்டு. ஒன்று, அலங்காரத்தை அணைப்பது: எளிய வாசிப்பு, கார்டை அலங்கரிக்காதே என்ற வகை தேர்வைப் பிளகினில் தேடுங்கள். இரண்டு, பேஸை மட்டும் மிடியாக எடுத்து அன்னிய சுரத்தை அழிப்பது. மூன்று, வேர்ச் சுரத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் வாசிக்கும் பேஸுக்கு மாறுவது. மெட்டு போடும் கட்டத்தில் மூன்றாவதே போதும்.

மத்யமாவதியில் காந்தாரமே இல்லை. சி மேஜர் போட்டால் அந்தர காந்தாரம், சி மைனர் போட்டால் சாதாரண காந்தாரம், இரண்டும் வெளியாள். சி பவர் கார்டு (சி, ஜி மட்டும்) அல்லது சி சஸ்4 (சி, எஃப், ஜி) எழுதுங்கள். ஜி மைனரும் பி ஃபிளாட் மேஜரும் முழுக்க ராகத்துக்குள் அடங்கும்.

சாருகேசிக்கு ஸ்கேலரில் கீயை சி மேஜர் என்று வைத்தால் அது பரிந்துரைக்கும் ஏ மைனர், எஃப் மேஜர், ஜி மேஜர் மூன்றும் ராகத்தை உடைக்கும். அதே சுரங்கள் எஃப் மெலடிக் மைனரில் இருக்கின்றன. கௌரிமனோகரிக்கும் சாருகேசிக்கும் உள்ள கிரகபேத உறவுதான் (ஒன்றின் வேறொரு சுரத்தைச் சட்ஜமாகக் கொண்டால் மற்றது கிடைப்பது) அது. ஸ்கேலை எஃப் மெலடிக் மைனர் என்று வைத்துவிட்டு, சி மேஜரை வீடாகக் கொள்ளுங்கள். சி, சி7, எஃப் மைனர், ஜி மைனர், பி ஃபிளாட் என்று பரிந்துரைகள் ஒழுங்காக வரும்.

கமகம் அதிகமுள்ள சுரத்துக்குக் கீழே பேடு நீளமாக நிற்கும்போது இன்னொரு உரசல் கேட்கும். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காமல் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைவது. அதற்கு அடியில் ஈ ஃபிளாட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு பேடு நின்றால் குரல்தான் தப்புபோல் ஒலிக்கும். அந்த இடங்களில் கார்டின் மூன்றாம் சுரத்தை எடுத்துவிட்டு வேரும் பஞ்சமமும் மட்டும் விடுங்கள். குரல் உடனே விடுபடும்.

டிரம் ஃபில் பல்லவியின் நடுவில் விழுகிறது

பேண்ட்-இன்-எ-பாக்ஸில் பகுதிக்குறி எந்த பாரில் இருக்கிறதோ அதற்கு முந்தைய பாரில் ஃபில் (பகுதி மாறும்முன் டிரம்ஸ் உருட்டும் சிறு வாசிப்பு) வரும். சரணம் 17-ஆம் பாரில் தொடங்குகிறது என்றால் குறி 17-ல் இருக்க வேண்டும், ஃபில் 16-ல் உருளும். நம் பல்லவிகள் எப்போதும் எட்டின் மடங்கில் முடிவதில்லை. கடைசி வரி திரும்பி வந்து இரண்டு பார் கூடும், எடுப்புக்காக ஒரு பார் காத்திருக்கும். குறியை எட்டு எட்டாகப் போட்டுவிட்டால் பத்தாவது பாரில் முடியும் பல்லவிக்கு எட்டிலேயே ஃபில் விழும்.

முதலில் குரலை மட்டும் ஓட்டி, பல்லவி, இடையிசை, சரணம் தொடங்கும் பார் எண்களைத் தாளில் எழுதுங்கள். பிறகு குறி போடுங்கள். பல்லவிக்கு ஒரு உபஸ்டைல், சரணத்துக்கு மற்றொன்று என்று பிரித்தால் டிரம்ஸ் தானே ஹை-ஹேட்டிலிருந்து ரைடுக்கு மாறும். பாட்டு நின்று மூச்சு வாங்கும் இடங்களுக்குக் கார்டுக்குப் பின் புள்ளிகள் இருக்கின்றன. ஒரு புள்ளி என்றால் ஓய்வு, இரண்டு என்றால் ஒரு தட்டு தட்டி நிற்பது, மூன்று என்றால் அடித்துப் பிடித்து வைப்பது. சரணத்தின் கடைசிச் சொல்லில் மூன்று புள்ளி போட்டுக் கேட்டுப் பாருங்கள், யாரோ கூட உட்கார்ந்து வாசிப்பதுபோல் இருக்கும்.

பாடகருக்காகக் கட்டை மாற்றியதும் எல்லாம் கெட்டுவிட்டது

ஒரு கட்டையில் போட்ட மெட்டைப் பாட வருபவருக்கு ஐந்தரைக் கட்டை வேண்டும். ஆடியோவாக எடுத்துவைத்த கிட்டாரை டிஏடபிள்யூவில் நான்கு செமிடோன் இறக்கினால் மரப்பெட்டிபோல் உறுமும், எட்டு ஏற்றினால் கீச்சிடும். ஆடியோவைத் தொடாமல் ஷீட்டில் கீயை ஜி ஷார்ப்புக்கு மாற்றி மறுபடி உருவாக்குங்கள். அந்தக் கீயில் ஒரு கலைஞர் எப்படி வாசிப்பாரோ அதற்கு நெருக்கமாக வரும். ஆகவே கட்டையை முடிவுசெய்யும் முன் அலங்கார வேலை எதிலும் இறங்க வேண்டாம்.

மிடியைத் தாராளமாக நகர்த்தலாம், பேஸ் ஒன்றைத் தவிர. நான்கு தந்தி பேஸின் கடைசி சுரம் ஈ, மிடி எண் 28. ஜி-யில், அதாவது 31-ல் இருந்த பேஸ் நோட்டு நான்கு இறங்கினால் 27. அது வாத்தியத்தின் எல்லைக்குக் கீழே. சில பேஸ் பிளகின்கள் மௌனமாகும். சில அந்தக் கீழ்ச் சுரங்களை வாசிப்பு முறையை மாற்றும் சாவிகளாக வைத்திருக்கும், திடீரென்று ஸ்லாப் சத்தம் வந்தால் அதுதான் காரணம். 28-க்குக் கீழே போனவற்றை மட்டும் ஒரு ஸ்தாயி ஏற்றுங்கள். சுரப் பெயரைவிட எண்ணை நம்புங்கள். 60-ஆம் எண்ணை ஒரு மென்பொருள் சி3 என்கிறது, இன்னொன்று சி4 என்கிறது.

மிடி டிராக்கில் ஃபேடரை ஏற்றினாலும் சத்தம் தானே இறங்கிவிடுகிறது

பிளகின் எழுதிய மிடிக்குள் ஏழாம் எண் கன்ட்ரோலராக வால்யூமும், பத்தாம் எண்ணாகப் பேனும் சேர்ந்து வந்திருக்கும். பாட்டு தொடங்கும்போதெல்லாம் அவை இன்ஸ்ட்ருமென்ட்டுக்குள் போய் அதன் அளவை மாற்றும். மிடி எடிட்டரில் ஈவென்ட் லிஸ்டைத் திறந்து இரண்டையும் அழியுங்கள். புரோகிராம் சேஞ்ச் இருந்தால் அதையும் அழியுங்கள், நீங்கள் தேர்ந்த பியானோ வேறு வாத்தியமாக மாறிப்போவது அதனால்தான். 64-ஆம் கன்ட்ரோலர் பெடல். பாரை வெட்டும்போது பெடல் அழுத்திய இடம் இந்தப் பக்கமும் விட்ட இடம் அந்தப் பக்கமும் போய்விட்டால் கார்டு முடிவில்லாமல் நீளும். வெட்டின் முடிவில் 64-க்கு 0 மதிப்பு ஒன்று வையுங்கள்.

டிரம்ஸ் மிடியில் கிக் இருக்கும் இடத்தில் டாம் ஒலித்தால் மேப் பொருந்தவில்லை. ஜெனரல் மிடியில் கிக் 36, ஸ்நேர் 38, மூடிய ஹை-ஹேட் 42, திறந்தது 46. டிரம் இன்ஸ்ட்ருமென்ட்டில் ஜெனரல் மிடி மேப்பைத் தேர்ந்தால் தீர்ந்தது.

மேலே கீபோர்டு வாசித்தால் விரலுக்குப் பின்னால் சத்தம் வருகிறது

பஃபரைப் பாருங்கள், அதாவது கணினி ஒரே தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலியின் அளவை. 44.1 கிலோஹெர்ட்ஸில் 1024 சாம்பிள் என்றால் 23 மில்லி செகண்ட், 256 என்றால் 6-க்குச் சற்றுக் குறைவு, 128 என்றால் 3. வாசிக்கும்போது 128 அல்லது 256, மிக்ஸிங்கில் 1024. குறைத்தும் பிந்துகிறது என்றால் மாஸ்டரில் லிமிட்டரோ லீனியர் ஃபேஸ் ஈக்யூவோ உட்கார்ந்திருக்கும். அவை முன்கூட்டிப் பார்ப்பதற்காக முழு ப்ராஜெக்டையும் தாமதப்படுத்துபவை. வாசிக்கும் வரை அணையுங்கள். லாஜிக்கில் லோ லேட்டன்சி மோடும், கியூபேஸில் கன்ஸ்ட்ரெயின் டிலே காம்பன்சேஷனும் இதற்கென்றே உண்டு. பஃபரைக் குறைத்ததும் சத்தம் வெடித்தால் முடிந்த பிளகின் டிராக்குகளை ஃப்ரீஸ் செய்யுங்கள் (தற்காலிகமாக ஆடியோவாக்கிவிடுவது).

சில மாதம் கழித்துத் திறந்தால் வாசிப்பு வேறாக இருக்கிறது

எல்லாவற்றிலும் வலிக்கும் பிழை இதுதான், திரும்பக் கிடைக்காது. இந்தப் பிளகின்களில் பல ஒவ்வொரு முறை உருவாக்கும்போதும் புதிதாக வாசிப்பவை. ப்ராஜெக்டில் ஷீட்டும் ஸ்டைலும் சேமித்திருக்கும், அன்று மனதைத் தொட்ட அந்த ஒரு டேக் சேமித்திருக்காது. பிடித்த டேக் கேட்ட அந்த நிமிடமே பிளகினில் அந்த டிராக்கை ஃப்ரீஸ் செய்யுங்கள் (மறுபடி உருவாகாமல் பூட்டுவது), ஆடியோவாக ஒன்றும், மிடி கிடைத்தால் மிடியாக ஒன்றும் இழுத்துவிடுங்கள்.

இழுத்தாலும் ஒரு பள்ளம் உண்டு. அந்த ஆடியோ சில நேரம் பிளகினின் தற்காலிக ஃபோல்டரில்தான் இருக்கும். அதைக் காலிசெய்த நாளில் டிராக் வெறும் கோடாகிவிடும். ரீப்பரில் 'சேவ் ப்ராஜெக்ட் அஸ்' பெட்டியில் மீடியா அனைத்தையும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு நகலெடுக்கும் தேர்வை டிக் செய்யுங்கள். ஏபிள்டனில் 'கலெக்ட் ஆல் அண்ட் சேவ்', கியூபேஸில் 'பிரிப்பேர் ஆர்கைவ்', லாஜிக்கில் 'கன்சாலிடேட்'.

பிறகு ஒவ்வொரு வாத்தியத்தையும் பார் ஒன்றிலிருந்து, 24 பிட் வேவ் கோப்பாக, கடைசி சுரத்துக்குப் பின் நான்கு செகண்ட் வால் விட்டு ரெண்டர் செய்யுங்கள். அதே ஃபோல்டரில் ஒரு டெக்ஸ்ட் கோப்பு: ஸ்டைலின் பெயர், பிளகினின் வெர்ஷன், டெம்போ தசமத்தோடு, அது எந்த நோட்டுக் கணக்கில், கட்டை, சாம்பிள் ரேட், லீட்-இன் எத்தனை பார், கார்டு வரிசை முழுதும்.